மூக்குக்காரரின் மஞ்சள் டேங்க்

பதினோரு வருடமாக எனக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுவாதவன். பூச்சிமருந்துக் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினால் இன்றைக்கும் யாராவது ஒருத்தன், "வாங்க கழுவாதவரே, உட்காருங்க" என்பான். கதை தெரியாத ஆள் பக்கத்தில் இருந்தால், நான் குளிக்காதவன் என்று நினைத்து ஒரு அடி தள்ளி நிற்பான். அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

நான் கழுவினேன். மருந்து டேங்கை ஏழு தண்ணீர் கழுவினேன். சலவைப் பொடி போட்டு இரண்டு தண்ணீர், அப்புறம் வெறும் தண்ணீரில் ஐந்து. ஆனால் நான் கழுவவில்லை என்று சொன்னவர் என் அக்கா வீட்டுக்காரர். மருந்தடிக்கிற தொழிலில் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவன். எதிர்த்துப் பேசத் தெரியாது. பேசியிருந்தால் அப்புறம் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். திட்டி எழுதுவதாகத்தான் எண்ணம். பார்க்கலாம்.

அவரை எல்லோரும் மூக்குக்காரர் என்பார்கள். ஆள் என்னவோ சப்பை மூக்குதான். வயலோரத்தில் நின்று ஒரு இலையைப் பறித்துக் கசக்கி மூக்கில் வைத்தால், அதற்கு முன்னால் யார் என்ன மருந்து அடித்தார்கள், எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவார். இலையைத் திருப்புவார். அடியில் ஒட்டியிருக்கிற வெள்ளை ஈயை ஊதிப் பறக்கவிட்டு, "குடும்பத்தோட வந்திருக்காங்க, விருந்து முடிச்சிட்டுத்தான் போவாங்க" என்பார். தேவையில்லாமல் மருந்து அடிக்க மாட்டார். அசுவினிப் பூச்சியைத் தின்கிற பொறிவண்டு நாலு கண்ணில் பட்டால் போதும், "நமக்கு முன்னாடியே வேலைக்கு ஆள் வந்துட்டாங்க" என்று டேங்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அன்றைக்குக் கூலி கிடையாது. அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அடிக்கிறபோது அவரைப் பார்க்க வேண்டும். முழுக்கைச் சட்டை, முகத்தில் ஈரத் துணி. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பார். அப்புறம் கைப்பிடியை அழுத்திக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார். "நாம அடிச்சதுல நாமளே போய் விழக்கூடாது மாப்ள" என்பார் என்னிடம். ஒரு ஏக்கர் முழுக்க ஒரு செடியை மிதிக்காமல் பின்னால் நடக்கிற மனுசனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவரிடம் முதுகில் மாட்டுகிற டேங்க் இரண்டு இருந்தன. நீலம் பூச்சிக்கும் நோய்க்கும். மஞ்சள் களைக்கொல்லிக்கு மட்டும். அகல இலைக் களைகளுக்கென்று ஒரு மருந்து உண்டு. தானியப் பயிரில் அடித்தால் களை முறுக்கிக்கொண்டு சாகும், பயிர் அசையாமல் நிற்கும். ஆனால் பருத்திக்கு அதன் ஆவி பட்டாலே போதும், அவ்வளவுதான். அதனால் மஞ்சள் டேங்கைப் பருத்தி வயலின் வரப்பில்கூட வைக்க விடமாட்டார். வீட்டில் நீலம் உள்ளறையில் இருக்கும். மஞ்சள் வெளியே, கழிப்பறைச் சுவரோரம். "ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சா மாமியார் மருமக கதைதான்" என்பார்.

என் வேலை தண்ணீர் சுமப்பது, மருந்து கலக்குவது, சாயங்காலம் டேங்க் கழுவுவது. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. கழுவி முடித்ததும் அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் கிடைத்தால்தான் நான் வீட்டுக்குப் போகலாம். கடைசி இரண்டு வருடமாக என்னையும் முகரச் சொன்னார். "நீ மொதல்ல பாரு மாப்ள, உனக்கும் பழகட்டும்." நான் முகர்ந்து "சுத்தம் மச்சான்" என்றால்தான் அவர் தலை ஆடும். எனக்கு ஏதோ பதவி உயர்வு கொடுத்திருக்கிறார் என்று நினைத்து நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் எங்கள் தெருவில் இருந்த தையற்காரம்மா இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போட்டார். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள். ரவிக்கையில் ஊசியைக் குத்தியபடியே வயலுக்கு வந்துவிடுவார். இந்தப் பருத்தி கைக்கு வந்தால் மெயின் ரோட்டில் ஒரு அறை பிடித்து இரண்டு மெஷின் போட்டு உட்காருவது என்று முடிவு செய்திருந்தார். அறையைப் பார்த்துவிட்டார், சுவருக்கு என்ன வர்ணம் அடிப்பது என்றுகூட முடிவாகிவிட்டது. என் மச்சானை "அண்ணே" என்பார். "அண்ணே, நீங்க பாத்துக்கறீங்கன்னா நான் பாவாடைக்கு நாடா கோக்கப் போறேன்" என்று நிம்மதியாகத் திரும்பிப் போவார்.

செடி முழங்கால் உயரம் வந்து மொட்டு வைக்கிற நேரத்தில் வெள்ளை ஈ இறங்கியது. முந்தின நாள் சாயங்காலம் நீல டேங்கை ஏழு தண்ணீர் கழுவினேன். முகர்ந்தேன். சுத்தம். மறுநாள் விடிகாலையில் என் மனைவிக்கு வயிற்றுவலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மச்சான் தனியாகத்தான் வயலுக்குப் போனார்.

நாலாம் நாள் தையற்காரம்மா ஓடிவந்தார். போய்ப் பார்த்தோம். புதிதாக வந்த இலை எதுவும் விரியவில்லை. குறுகி, நரம்பு நரம்பாக நீண்டு, கோழிக்கால் மாதிரி விரலை மடக்கிக்கொண்டு நின்றது. ஒரு செடி இரண்டு செடி இல்லை, இரண்டு ஏக்கரும். மச்சான் ஒரு இலையைப் பறித்துக் கசக்கினார். மூக்கில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"இலைச்சுருள் நோய்மா. வெள்ளை ஈ கொண்டுவந்து விட்டிருக்கு."

"சரியாயிடுமா அண்ணே?"

"பூச்சியை நிறுத்தினா சரியாயிடும். செடிக்குத் தெம்பு வேணும். தண்ணி காட்டுங்க."

மறுபடி இரண்டு தடவை மருந்தடித்தார். நானும் கூடப் போனேன். டேங்கில் புதுக் குழாய் இருந்தது. கேட்டதற்கு, பழசு கிழிந்துவிட்டது என்றார். வாய்க்கால் தண்ணீர் எட்டாத மூலைக்குத் தாயும் மகளும் குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். இருபது நாள். மெஷினில் தைக்காத துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

கடைசியில் மருந்துக்கடைக்காரரே வயலுக்கு வந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையில் மண் படாமல் நடக்கிற ஆள். இரண்டு செடியைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பார்த்துவிட்டு, "நோயாவது நொடியாவது. இது களைக்கொல்லி பட்டது. எவனோ கழுவாத டேங்க்ல அடிச்சிருக்கான்" என்றார்.

மறுநாள் காலை கடை வாசல். இருபது பேர் இருப்பார்கள். தையற்காரம்மா சத்தம் போடவில்லை. மச்சானுக்கு எதிரே வந்து நின்று, "உண்மையா அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "டேங்க் கழுவறது இவன் வேலை."

என் தோளில் ஒரு உர மூட்டை இருந்தது. அதை இறக்கவும் தோன்றவில்லை. அந்தம்மா என் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அத்தோடு எனக்கு அந்தத் தொழில் போனது. செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றப் போனேன். தையற்காரம்மா மெஷினை விற்றுவிட்டு மகளோடு பக்கத்து நகரத்துக்குப் போய்விட்டார். அங்கே ஏதோ துணிக் கம்பெனியில் பொத்தான் வைக்கிற வேலை என்று கேள்வி.

அந்தப் பருத்தி செத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உழுதுவிட்டு வேறு போட்டிருப்பார்கள், பார்வையிலிருந்தாவது போயிருக்கும். அது சாகவில்லை. அந்தம்மா போனபிறகு கேட்பாரில்லாமல் நாலு மாதம் பச்சையாகவே நின்றது. பூ கிடையாது, காய் கிடையாது. இரண்டு ஏக்கர் முழுக்க விரலை மடக்கிக்கொண்டு நின்றது. கல் லாரி அந்த வழியாகத்தான் போகும். ஒருநாள் மத்தியானம் கல் மேல் உட்கார்ந்து போகிறபோது பார்த்தேன். மச்சான் வயலுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு இலையை இரண்டு விரலால் விரித்து, கசங்கிய காகிதத்தை நீவுகிற மாதிரி நீவினார். விட்டார். அது மறுபடி மடங்கிக்கொண்டது. அடுத்த இலையை எடுத்தார். லாரி டிரைவர், "உங்க மச்சான் என்னய்யா, செடிக்கு மாலிஷ் பண்றாரா?" என்றான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்தப் பழக்கம் வந்தது. வீட்டு வாசலில் பத்துத் தகர டப்பாவில் பருத்திச் செடி வளர்த்தார். டேங்கைக் கழுவி, கடைசித் தண்ணீரை அந்தச் செடியில் தெளிப்பார். நாலு நாள் காத்திருப்பார். இலை விரிந்தால்தான் வேலைக்குப் போவார். பூச்சி நாலு நாள் காத்திருக்குமா? கூப்பிட்டவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். எதைக் கையில் எடுத்தாலும் மூக்கில் வைத்துப் பார்த்தார். சட்டை, தண்ணீர்ச் செம்பு, தன் உள்ளங்கை, படுக்கை விரிப்பு. விஷ வாசம் அவரைத் துரத்துகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

அதைவிட மோசம் ஒன்று. யாருடைய வயலிலாவது நின்றுகொண்டு திடீரென்று, "சுருளுது, சுருளுது" என்று கத்துவார். வயலுக்காரன் பதறி ஓடிவந்து பார்த்தால் இலை அகலமாக, எண்ணெய் பூசின மாதிரி மினுங்கிக்கொண்டு இருக்கும். இரண்டு மூன்று இடத்தில் இப்படி ஆனபிறகு வயலுக்குள் விடவே பயந்தார்கள்.

இரண்டாம் வருடம் டேங்க் இரண்டையும் உடைத்துப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் கூட்டத்தோடு கைக்களை எடுக்கப் போனார். ஆம்பிளை ஒருத்தர், அதுவும் மூக்குக்காரர், முப்பது பெண்களோடு வரிசையில் உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்த பெண்ணுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"என்ன அண்ணே, மஞ்சப் பொண்டாட்டி எங்க?"

"அத்து விட்டுட்டேன்மா."

"அப்ப நீலப் பொண்டாட்டி?"

"அவ என்கூடப் பேசறதில்ல."

"அதான் எங்ககிட்ட வந்துட்டீங்களா? எங்ககூட இருந்தா வாய் ஓயாது, கை ஓயக்கூடாது. நகருங்க, வரிசை வளையுது."

அந்தப் பெண்தான் பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஆள் வேலையில் சுத்தம், வேர் அறாமல் எடுப்பார், ஆனால் இலை சுருண்ட செடி எதிரே வந்தால் மட்டும் கை வைக்க மாட்டார், அதைச் சுற்றிக்கொண்டு போவார் என்று. "அதை நாங்கதான் பிடுங்கிப் போடுவோம். அவரு அந்தப் பக்கம் திரும்பிட்டு, போச்சா போச்சான்னு கேப்பாரு."

ஒன்பது வருடம் அப்படி ஓடியது. நானும் அவரும் பேசிக்கொள்வது கிடையாது. வீட்டு விசேஷத்தில் பார்த்தால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்." அவ்வளவுதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, கால் வீங்கி, படுத்துவிட்டார். அக்கா ஆள் மேல் ஆள் அனுப்பினாள். போனேன். சின்ன அறை. ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. வெளியே மரத்தின் இலை தெரிகிறதாம், அதற்காக. ஆள் பாதியாகியிருந்தார்.

"மாப்ள, எனக்கு மூக்கு போயிடுச்சுடா."

"இப்பவா?"

"பதிமூணு வருசமாச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் முந்தானையைப் பிசைந்துகொண்டு சொன்னாள். "பால் கருகி வீடெல்லாம் புகை தம்பி. இவரு அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் பார்த்துட்டிருக்காரு. அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட போனோம். வருசக் கணக்கா அடிச்ச மருந்து நரம்பைத் தின்னுடுச்சு, வராதுன்னுட்டாரு. வெளிய சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. மூக்கில்லாத மூக்குக்காரரை எவன் கூப்பிடுவான்னாரு."

"அதுக்கும் டேங்குக்கும் என்ன?" என்றேன். கேட்கிறபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, முகரச் சொல்லி என்னிடம் டேங்கை நீட்டினது எதற்காக என்று. பதவி உயர்வு!

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு நீ வரல. நீல டேங்க் குழாய் கழுத்துல கிழிஞ்சிருந்தது. பூச்சி ஏறிட்டே இருக்கு, அந்தம்மா பாத்துட்டு நிக்குது. வீட்டுக்கு ஓடினேன். மஞ்சளோட குழாயைக் கழட்டிட்டு வந்து மாட்டினேன். தண்ணி விட்டு நாலு தடவை பீச்சினேன். மூக்குல வச்சேன். ஒண்ணும் தெரியல. ஒண்ணும் தெரியலன்னா சுத்தம்னு வச்சுக்கிட்டேன்."

ரப்பர் குழாய் அந்தக் களைக்கொல்லியைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு விடாது. பூச்சிமருந்தின் எண்ணெய் பட்டதும் கக்கிவிடும். மருந்தடிக்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம். குழாயை மாற்றவே கூடாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான்.

"நீ கழுவலேன்னுதான் நானும் நெனச்சேன் தம்பி" என்றாள் அக்கா. இத்தனை வருடத்தில் அதுதான் எனக்கு நன்றாக வலித்தது.

எழுந்துவிட்டேன். அடிக்கத்தான் கை வந்தது. படுக்கையில் கிடக்கிற ஆளை என்னத்தை அடிப்பது?

அவர் என் கையையே பார்த்தார். "கையை விரி மாப்ள. அப்படி மடக்கி வைக்காதே. பாக்க முடியல."

விரித்தேன்.

"எல்லாத்தையும் மோந்துட்டுக் கிடந்தீங்களே, அது எதுக்கு?" என்றேன்.

"ஒரே ஒரு தடவை அந்த நாத்தம் வந்துடாதான்னுதான். வந்துட்டா அன்னைக்கே உன்கிட்ட வந்திருப்பேன். வரவே இல்ல. கண்ணுதான் விடமாட்டேங்குது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

தேடிக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. கம்பெனி விடுமுறை நாளில் அந்தம்மா வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. அக்கா கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. மச்சான் என்னிடம் சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னார். நோய் என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" அண்ணே இல்லை, ஒன்றும் இல்லை.

"நாலாம் நாளே. இலையைப் பாத்ததுமே."

"அப்ப இருபது நாள் நாங்க எதுக்குத் தண்ணி சுமந்தோம்?"

மச்சான் போர்வையின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு தோள்ல குடம் அழுத்தின தழும்பு இப்பவும் இருக்கு. அதுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கு. இன்னைக்கும் கேக்கும், இன்னும் பத்துக் குடம் ஊத்தியிருந்தா பிழைச்சிருக்குமாம்மான்னு."

மச்சான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தம்மா எழுந்தார். என்னைக் காட்டினார்.

"இவரை நான் பதினோரு வருசமா மனசுக்குள்ள திட்டிட்டிருக்கேன். தைக்கிற ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு திட்டு. அதையெல்லாம் நான் எங்க போய்த் திருப்பி வாங்கறது? எந்த இடத்துல வச்சு இவர் பேரைச் சொன்னீங்களோ, அதே இடத்துல வச்சு உங்க பேரைச் சொல்லுங்க. அதைச் செஞ்சுட்டுச் செத்துப் போங்க."

வாசலில் என்னைத் தாண்டுகிறபோது ஒரு நிமிடம் நின்றார். ஏதோ சொல்லப் பார்த்தார். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னாலேயே மச்சானுக்கு மூச்சு நின்றுவிட்டது. நான் போய்க் கடை வாசலில் சொல்லலாம்தான். ஒருநாள் சொல்லவும் வாயெடுத்தேன். "செத்தவர் தலையில கட்டறியா கழுவாதவனே?" என்றான் ஒருத்தன். சொல்ல வேண்டிய வாய் போய்விட்டது. என் வாய்க்கு அங்கே மதிப்பில்லை. ஆனால் அவர் சொல்லாமல் போனதற்கு அவர் காரணமில்லை என்பதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தம்மா போன அன்று சாயங்காலம் அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். நானும் கிளம்ப எழுந்தேன். அவர் கட்டிலில் கையூன்றி எழப் பார்த்தார், முடியவில்லை.

"மாப்ள, கடையை எப்பத் திறக்கறான்?"

"எட்டு மணிக்கு."

"கூட்டம்?"

"ஒன்பதுக்குச் சேரும்."

"ஒன்பதுக்கு வந்துடு. வண்டி வேணாம். வண்டியில வச்சா ஆஸ்பத்திரிக்குப் போறான்னு பாவம் பாப்பாங்க. முதுகுல போட்டுத் தூக்கிட்டுப் போ. இப்ப நான் ரெண்டு டேங்க் கனம்கூட இருக்க மாட்டேன். வாசல்ல இறக்கி நிக்க வச்சு, இடுப்பைப் பிடிச்சுக்கோ. நான் பேச்சை மாத்தினாலும் மாத்துவேன், என்னை நம்பாதே. மாத்தினா எல்லார் முன்னாடியும் ஒண்ணு போடு. சொல்லி முடிக்கிற வரைக்கும் மட்டும் கையை விட்டுடாதேடா."